16 அங்குலமே போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன கார், டர்போ எஞ்சின், வளைவில் திருப்பினால் சட்டென்று திரும்பும். வார நாட்களில் அலுவலகம், விடுமுறையில் ஏலகிரி அல்லது வால்பாறை. இப்படி ஓடும் காரில் கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் தேய்ந்ததும் அடுத்து எந்த டயர் போடுவது? இன்றைய உரை இதைப் பற்றித்தான். பேசுவதற்கு வசதியாக ஒரே ஓர் அளவை எடுத்துக்கொள்கிறேன்: 195/55 ஆர் 16. ஹூண்டாய் ஐ20 என் லைன், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி, மாருதி பலேனோவின் உயர் வகைகள் ஆகியவற்றில் நாம் பார்த்துப் பழகிய அளவு இது. உங்கள் கார் வேறு அளவில் ஓடினாலும் கணக்கு ஒன்றுதான்.

டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களையும் சேர்த்தால் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். தொடர்ந்து 87 வி என்று இருக்கும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ சுமக்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும். நம் சாலையில் யார் 240-ல் போகப்போகிறார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் மறைமுகமாகச் சொல்கிறது. மே மாத மதியத்தில் 60 டிகிரியைத் தொடும் தார்ச்சாலையில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய காருக்கு அது அநாவசியம் அல்ல. இந்த இரண்டிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள்.

இப்போது கடைக்குப் போகிறோம். கடைக்காரர் முதலில் காட்டுவது பெரும்பாலும் டயராக இருக்காது. 17 அங்குல அலாய் சக்கரமாக இருக்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அதற்குப் பொருந்தும் டயர் 205/45 ஆர் 17. விட்டம் 616 மில்லிமீட்டர், பழையதற்கு மிக நெருக்கம், ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. அங்கே கணக்கு நின்றுவிடுகிறது என்று நினைப்பதுதான் தவறு. பக்கச்சுவர் 107-லிருந்து 92 மில்லிமீட்டராகிவிட்டது. பள்ளத்தின் விளிம்பு ரிம்மைத் தொடாமல் காக்கும் மெத்தையில் 15 மில்லிமீட்டர் போயிற்று. வண்ணம் பூசாத வேகத்தடைகளும் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாத பள்ளங்களும் உள்ள ஊரில் இது சாதாரண இழப்பு அல்ல. அடி விழுந்தால் ரிம் வளையும், அல்லது பக்கச்சுவருக்குள் இருக்கும் இழைகள் அறுந்து வெளியே முட்டை போலப் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, கழற்றிப் போட வேண்டியதுதான்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. 205/45 ஆர் 17 சாதாரண வகையில் சுமை எண் 84, அதாவது 500 கிலோ. உங்கள் காருக்குத் தேவையோ 545. ஆகவே அந்த அளவில் எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமைக்கானது, என்று முத்திரையிட்ட, 88 எண் உள்ள டயர்தான் வாங்க வேண்டும். அது 560 கிலோ தாங்கும். ஆனால் அதே சுமைக்குச் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காற்றும் கேட்கும், அதனால் காரின் குலுக்கலும் கூடும். நான்கு அலாய், நான்கு டயர் என்று செலவழிக்கும் பணத்தில், 16 அங்குலத்திலேயே இருப்பதில் சிறந்த டயரை வாங்கினால் மிச்சமும் இருக்கும். பணத்தை ரப்பரில் போடுங்கள், விட்டத்தில் போடாதீர்கள் என்பதே என் பக்கம்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது பலரின் நம்பிக்கை. ஒரு கணக்குப் பார்ப்போம். முன்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 350 கிலோ. காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர், ஓர் அஞ்சல் அட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. அகலமான டயர் போட்டாலும் சுமையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து குறுக்கே அகலும். உலர்ந்த வளைவில் ஸ்டீயரிங் இன்னும் கூர்மையாகப் பேசுவதற்கு அந்த வடிவம் உதவும். மழையில் தேங்கிய நீரில் அதே வடிவம் எதிரி. அகலமான முகப்பு அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும்.

அப்படியும் கொஞ்சம் அகலம் வேண்டுமென்றால், அதே ரிம்மில் 205/50 ஆர் 16 பொருந்தும். சுமை எண்ணும் 87-தான். கார் 5 மில்லிமீட்டர் தாழும், அவ்வளவே. 205/55 ஆர் 16 எளிதாகக் கிடைக்கும், அதனால் கடைக்காரர்கள் தள்ளுவார்கள்; விட்டம் 632 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள், கியர் கொஞ்சம் சோம்பலாகும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்ளே உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, ரப்பர். புதுக் காரோடு வரும் டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகச் செய்யப்பட்டது. உருளும்போது தடை குறைவு, ஆயுள் அதிகம், ஆனால் ஈரச் சாலையில் இரண்டாம் கியரில் அழுத்தினால் முன்சக்கரம் சுழன்று டாஷ்போர்டில் சறுக்கல் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். கடையில் காட்டும் நட்சத்திர முத்திரையும் இந்த உருளும் தடையை, அதாவது எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியதே. ஐந்து நட்சத்திரம் என்றால் நன்றாகப் பிடிக்கும் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

உயர்தர டயர்களிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, அமைதியும் ஈரப் பிடிப்பும் நீண்ட ஆயுளும் சேர்ந்தது: மிஷெலினில் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா. மற்றது விளையாட்டுக் குடும்பம்: மிஷெலினில் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோனில் பொடென்சா, யோகோஹாமாவில் அட்வான். பெயரில் மயங்காமல் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 200 முதல் 340 வரை என்றால் மென்மையான ரப்பர், 400-க்கு மேல் என்றால் நீடித்து உழைப்பது. அந்த எண்ணைத் தருவது தயாரிப்பாளரே. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. அதன் பக்கத்திலேயே டிராக்ஷன் என்று ஓர் எழுத்து இருக்கும். இரட்டை ஏ சிறந்தது. ஆனால் அது நேராகப் போகும்போது ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளந்தது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எதை எடுப்பது? ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல், பாதிக்கு மேல் நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு முதல் குடும்பமே சரி. ஆண்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ஓட்டி, அதில் மலைப்பாதை கணிசம் என்றால் விளையாட்டு டயருக்கு அர்த்தம் உண்டு. 25,000, 30,000 கிலோமீட்டரில் அது தேய்ந்துவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். சாலை இரைச்சலும் கூடும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் போகிறவர்கள் அதற்கென்று தனி செட் வைத்துக்கொள்வதே மேல். குளிர்கால டயரும் நான்கு பருவ டயரும் நமக்கு வேண்டாம். அவற்றின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழேயும் விறைக்காதபடி செய்யப்பட்டது. சென்னைச் சூட்டில் குழைந்து விரைவில் தேயும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது கட்டாயம். 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு சில அளவுகள் அரிதாகக் கிடைக்கின்றன. அந்தச் சந்தில் பழைய சரக்கும் நுழைகிறது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஓராண்டுக்குள் என்றால் நல்லது, இரண்டு ஆண்டைத் தாண்டினால் விலையைப் பேசாமல் வேறு கேளுங்கள்.

பொருத்துவதில்தான் நல்ல டயர் கெடும். அம்புக்குறி போட்ட டயர் ஒரே திசையில் சுழல வேண்டியது. இடப்பக்கத்து டயரை வலப்பக்கம் மாட்டினால் நீரை வெளியே தள்ளும் வரிப்பள்ளங்கள் உள்ளே தள்ளும். வெளிப்பக்கம், உட்பக்கம் என்று எழுதிய டயரில் அம்பு பார்க்க வேண்டாம், வெளிப்பக்கம் என்ற எழுத்து வெளியே தெரிந்தால் போதும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிக்கும். அதை வால்வுக்கு நேரே வைத்தால் பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாகத் தேவைப்படும். ரப்பர் வால்வுகளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், செலவு அற்பம். காற்றழுத்த சென்சார் உள்ள கார் என்றால் டயரைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், இயந்திரத்தின் கை பட்டு அது உடைவது வழக்கம். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். இந்த வகைக் கார்களில் இறுக்கம் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை காருக்குக் கார் மாறும்; கையேட்டைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், எதிரெதிராக இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பிறகு வீல் அலைன்மென்ட். 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கர பேலன்சிங் சரியில்லை. இருக்கை நடுங்கினால் பின்சக்கரம். டயர் பட்டன்மேல், அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதிமேல், கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் பல் பல்லாகவும் குத்தினால் டோ கோணம், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. முதல் 200, 300 கிலோமீட்டருக்குச் சீறாதீர்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பொருள் மேற்பரப்பில் மிச்சமிருக்கும்.

காற்றைக் கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகே அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையில் நின்றதும் 38 காட்டுகிறது என்று காற்றை 33-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 28 இருக்கும், அதோடு இறங்குவார்கள். காற்று குறைந்த மென்ரப்பர் வளைவுக்கு வளைவு மடங்கிச் சூடேறி டயரின் தோள்பட்டை, அதாவது பட்டனின் ஓரம், தேயும். நைட்ரஜனுக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

புதிய டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர். சட்டம் அனுமதிக்கும் எல்லை 1.6. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும், மிதப்பது அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவை பின்னால். முன்சக்கரம் இழுக்கும் கார் ஆயிற்றே என்று முன்னால் போடுவதே வழக்கம். ஆனால் மழை வளைவில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலோருக்குக் கை ஓடாது.

ஸ்டெப்னியையும் அப்போதே டிக்கியிலிருந்து வெளியே எடுங்கள். இந்த வகைக் கார்கள் சிலவற்றில் அது 185/65 ஆர் 15-ஆக இருக்கும். விட்டம் 621.5 மில்லிமீட்டர், மற்ற நான்கோடு ஒத்துப்போகும். ஆனால் அகலமும் ரப்பரும் வேறு, 80-க்கு மேல் ஓட்டாமல் பஞ்சர் கடைவரை போகத்தான் அது. அதன் தேதியைப் படித்து, கையேட்டில் சொன்ன அளவைவிட இரண்டு பி.எஸ்.ஐ. கூட அடித்து உள்ளே வையுங்கள். வணக்கம்.