ஷார்ட்பிரெட்டுக்கு வெண்ணெய்தான் எல்லாம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 31 இரவை ஹாக்மனே என்று கொண்டாடுவார்கள். நள்ளிரவு மணி அடித்ததும் வீட்டு வாசலை முதலில் மிதிக்கிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அங்கே வழக்கம். நிலக்கரித் துண்டு, விஸ்கி, அவற்றோடு ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் இதையே கல்யாணப் பெண்ணின் தலைக்கு மேல் உடைக்கிற பழக்கமும் இருந்தது. இவ்வளவு மரியாதை வாங்குகிற இந்தப் பலகாரத்தில் இருப்பது மாவும் வெண்ணெயும் சர்க்கரையும்தான். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் மூன்றே பொருள் என்பதால் ஒன்றில் தவறினாலும் ஒளித்துவைக்க இடமில்லை.

கணக்கு இதுதான். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. எடையில் சொல்கிறேன், கப்பில் இல்லை. கப்பில் மாவை அமுக்கி எடுப்பவர் உண்டு, தூவி எடுப்பவர் உண்டு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோசப் வாக்கர் 1898இல் தொடங்கிய பேக்கரியின் டார்ட்டன் என்கிற ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் மாவு, வெண்ணெய், சர்க்கரை, உப்பு, அவ்வளவுதான். வெண்ணெய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் கணக்கும் அதேதான்.

அந்த 300 கிராமில் 250 மைதா, 50 அரிசி மாவு. அரிசி மாவு நாம் சேர்க்கிற சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள், ஸ்காட்லாந்து வீடுகளிலேயே உள்ள வழக்கம். சிலர் ரவை போடுவார்கள். பல்லில் மெல்லிய நறநறப்பு வருவது அதனால்தான். மாவு ஈரமில்லாமல் இருக்கட்டும். கோதுமை மாவு வேண்டாம், தவிடு வாயில் தட்டும். சர்க்கரை பொடியாக இருக்க வேண்டும். பெரிய பரல் கரையாமல் நின்று, மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இனி வெண்ணெய். நேரத்தில் பாதியை இதற்கே கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது, பரவாயில்லை. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் இழுவை வரும், பரோட்டா போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷார்ட்பிரெட்டுக்கு அந்த இழுவைதான் எதிரி. மாவின் ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது, இழுவை வராது, வாயில் போட்டதும் உதிரும். ஆனால் வெண்ணெயிலேயே 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் தண்ணீர் உண்டு. கெட்டியாக இருக்கும்வரை அந்தத் தண்ணீர் கொழுப்புக்குள் அடங்கிக் கிடக்கும். வெண்ணெய் உருகினால் தண்ணீர் தனியே பிரிந்து மாவைத் தேடிப் போய்விடும். ஓவன் அடுப்பில் எண்ணெய் கசியும், ஓரம் பரந்து ஓடும், ஆறினால் கட்டியாகும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வெண்ணெய் உருகக்கூடாது. 18 முதல் 20 டிகிரி சரியான சூடு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் முழுகக்கூடாது. மேலே பளபளப்பு தெரிந்தால் நேரம் கடந்துவிட்டது, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நெய் போடலாமா என்று யாராவது கேட்பீர்கள். போடலாம், அது நான்கட்டாய் பக்கம் போய்விடும். நெய்யில் தண்ணீர் இல்லை, பால் சத்தும் இல்லை. மணல் மாதிரி உதிரும், வெண்ணெய் மணம் மாறிவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும், நன்றாகப் பிழிந்து எடுங்கள். உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் உப்பு. வெனிலாவும் சாக்லேட் துண்டும் போடுகிறவர்கள் போடட்டும். நல்ல வெண்ணெய் வாங்கிவிட்டு அதன் மணத்தை ஏன் மூட வேண்டும் என்பது என் கட்சி.

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக் கரண்டியால் கலக்குங்கள், ஒன்று சேர்ந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் காற்று ஏறும், அடுப்பில் உப்பிப் பிறகு அமுங்கும். பிறகு சலித்த மாவு. விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துக் கலக்க வேண்டும், உள்ளங்கை சூடு ஆகாது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கட்டி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். உதிரியாக இருக்கிறதே என்று தண்ணீர் தெளிக்கத் தோன்றும். தெளிக்காதீர்கள். தட்டில் வைத்து அழுத்தினால் தானே சேரும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பேக்கிங் தாள் விரித்து, மாவைக் கொட்டி, கரண்டியின் முதுகால் சமமாக அழுத்துங்கள். ஒன்றேகால் சென்டிமீட்டர் கனம் வரும். கத்தியால் விரல் விரலாகக் கோடு கிழித்து, முள்கரண்டியால் அடிவரை குத்துங்கள். அழகுக்கு மட்டுமல்ல, ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் புடைக்கும். பிறகு அரை மணி ஃபிரிட்ஜில். வெயில் காலத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

அடுப்பு 150 டிகிரி, விசிறி உள்ள அடுப்பென்றால் 130. 45 முதல் 55 நிமிஷம். சீக்கிரம் முடிக்கலாமென்று 180 வைத்தால் ஓரம் சிவந்து நடு ஈரமாகவே நிற்கும். ஓடிஜி என்கிற சிறிய மின்சார ஓவனில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் அதை அணைத்துவிட்டு, கீழ்க் கம்பியின் சூட்டில் மட்டும் வையுங்கள். நிறம் வைக்கோல் நிறம், ஓரத்தில் மட்டும் லேசான பொன்னிறம். எடுத்தவுடன் தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் இறுகும். சூட்டிலேயே அந்தக் கோடுகள் மேல் மறுபடி கத்தியை இறக்குங்கள். ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, தட்டிலேயே ஆறவிடுங்கள்.

வட்டமாக வைத்து எட்டாக வெட்டுகிற பெட்டிகோட் டெயில்ஸ், அதை ஸ்காட்லாந்தின் மேரி ராணியோடு சேர்த்துச் சொல்கிற கதை, முட்செடிப் பூ செதுக்கிய மர அச்சு, பாதாம் போட்ட பிட்கேத்லி பானக் என்கிற ஷார்ட்பிரெட் வகை என்று நிறைய வைத்திருந்தேன். கடிகாரம் விடவில்லை. மர அச்சில் செய்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: அச்சில் அரிசி மாவு தூவித் தட்டிவிட்டுத்தான் மாவை அழுத்த வேண்டும், இல்லையென்றால் பூ அச்சிலேயே தங்கிவிடும். முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஈரமான கேக்கோடு சேர்த்து வைத்தால் நமத்துப் போகும். மறுநாள் சாப்பிட்டால் முதல் நாளைவிட ருசி கூடும். வணக்கம்.