அரை கிரவுண்ட் வாங்கும் முன் ஒரு கணக்கு

[திரையில்: காலி மனை, மூலையில் பாதி புதைந்த எல்லைக்கல்]

வணக்கம். கையில் பத்து இருபது லட்சத்தை வைத்துக்கொண்டு, "பேங்க்கில் போட்டு என்ன வரப்போகிறது, ஒரு மனையை வாங்கிப் போடலாமே" என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ. ஐம்பது ஏக்கரை மனைகளாகப் பிரித்து லேஅவுட் போடுகிறவர் ஒரு மனையில் விட்டதை இன்னொரு மனையில் பிடித்துவிடுவார். நமக்கு இருப்பதே ஒன்று.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, விலை ஏறுமா? ஏறும், ஆனால் எவ்வளவு ஏறினால் நமக்குக் கட்டுப்படியாகும் என்று யாரும் கேட்பதில்லை. புறநகரில் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட், சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேர்ந்து 1,62,000. அப்புறம் புரோக்கர் கமிஷன், லீகல் பார்க்கிற வக்கீல், பத்திரம் எழுதுகிறவர் என்று போட்டால் 20 லட்சத்தில் வந்து நிற்கும். இதே 20 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டு மறந்திருந்தால் ஆறு வருடத்தில் கிட்டத்தட்ட 30 லட்சம். ஆக அந்த மனை சதுர அடி 2,500க்குப் போனால்தான் எஃப்.டி.க்குச் சமம், லாபம் அதற்கு மேல்தான். வரியை இரண்டு பக்கமும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

[திரையில்: 1,500 → 2,500]

சரி, மனை வேண்டாம், ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம், வாடகையே ஈ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் என்பார்கள். 60 லட்சம் ஃபிளாட், 45 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம். ஈ.எம்.ஐ. சுமார் 39,000. அந்த ஃபிளாட்டுக்கு 16,000 வாடகை வந்தால் மாதம் 23,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். வீடு ரெண்டு மாதம் பூட்டிக்கிடந்தால் முழுசும் உங்கள் தலையில்.

இப்போது புரோக்கர் மெதுவாக ஒன்று சொல்வார். "சார், பத்திரத்தில் கைடுலைன் வேல்யூவுக்குப் போட்டுக்கலாம், மீதியை கேஷாக் கொடுத்திடுங்க." கைடுலைன் வேல்யூ என்றால் பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கிற மதிப்பு. நம்மில் பாதிப் பேர் இப்படிக் குறைத்துக் காட்டுவதைப் புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறோம். முதலில், சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் விற்பவருக்கு அபராதமாக வரலாம். அதை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 18 லட்சம் மனையைப் பத்திரத்தில் 10 லட்சம் என்று காட்டினால், மறைத்த 8 லட்சத்துக்கு 9 சதவீதம், 72,000 ரூபாய் மிச்சம். நாளைக்கு அதை 30 லட்சத்துக்கு விற்கும்போது வாங்குபவர் பேங்க் லோன் போடுவார், முழுத் தொகையும் பத்திரத்தில் வந்தாக வேண்டும். காகிதப்படி உங்கள் லாபம் 12 லட்சம் இல்லை, 20 லட்சம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம். அந்தக் கூடுதல் 8 லட்சத்துக்கு மட்டும் ஒரு லட்சம் வரி. 72,000 மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லட்சம் அழுவதற்கு நடுவில் இத்தனை பயம் வேறு!

அடுத்தது, "இ.சி. கிளீனாக இருக்கிறது, போதாதா?" போதாது. இ.சி. என்கிற வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். பதிவாகாத உயில், கையெழுத்துப் போடாத அக்கா, இதெல்லாம் அதில் வராது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களோடு மகள்களுக்கும் சம பங்கு. ஆனாலும் "அவளைத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்று தம்பிமார் மட்டும் வந்து விற்றுவிட்டுப் போவார்கள். பத்து வருடம் கழித்து நோட்டீஸ் வருவது வாங்கினவருக்குத்தான். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயரோ, பத்திரத்தில் அத்தனை கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி., சென்னைப் பக்கம் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஊராட்சிக்கு அந்த அதிகாரமே கிடையாது.

வாடகைதாரர் விஷயம் சுருக்கமாக. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

[திரையில்: அளக்கும் சங்கிலி, வேப்பமரம்]

கடைசியாக என் கதை. மனை வாங்கி நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பத்திரம் பீரோவில் இருக்கிறது, இனி என்ன என்ற தைரியம். ஒருநாள் போனால் பக்கத்து மனைக்காரர் வேலி மூன்றடி உள்ளே வந்திருக்கிறது, வேலியை ஒட்டி என் இடத்தில் அவர் வைத்த வேப்பமரம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கேட்டால், "யாருமே வரலையே தம்பி, கல்லும் காணோம்" என்றார். பணம் கட்டி, சர்வேயர் வந்து அளந்து, புதுக்கல் நட்டு முடிய ஏழு மாதம். வேலியை அவரே பிடுங்கிக்கொண்டார். மரத்தை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அதன் நிழலில்தான் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.