பெயரில் மட்டும் ஆயில்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு முன் அதன் பிரேக்கை எப்படி ஆயத்தப்படுத்த வேண்டும் என்று பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, நம் பக்கத்தில் இது யாருக்குப் பயன்படும் என்ற ஐயம் எனக்கே எழுந்தது. ஆனால் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ சொந்தக் காரைக் கொண்டுபோய், கட்டணம் கட்டி, ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வருகிறார்கள். இதை 'டிராக் டே' என்கிறார்கள். இது பந்தயம் அன்று. எதிரே பேருந்தும் குறுக்கே ஆடும் வராத பாதையில், கார் என்னதான் செய்யும் என்று ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்கு முந்தைய வாரம் என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பிரேக்கைப் பற்றியே பேசுகிறேன்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முனைக்கு வரும்போது, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்களுக்கு அருகில் நின்றவர்கள், கட்டை தேய்ந்து எழும் கருகல் வாடையை அறிவார்கள். ஓடுகிற எதையும் நிறுத்தினால் அந்த ஓட்டம் சூடாக மாறித்தான் தீர வேண்டும். 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் கொண்டுவந்தால் பிறக்கும் சூடு, குடத்திலிருந்து எடுத்த ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அது நடப்பது நான்கே வினாடிகளில். அடுத்த வளைவில் மறுபடியும், அதற்கடுத்த வளைவில் மறுபடியும். வேகம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால், கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஒரு குறையும் காட்டாத பிரேக், தடத்தில் மூன்றாவது சுற்றிலேயே கைவிரிக்கக்கூடும்.

இனி நான் சொல்ல வந்த பொருளுக்கு வருகிறேன். அது பிரேக் ஆயில். காலால் மிதியில் கொடுக்கும் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துப் பிரேக்குக்குக் கொண்டுபோவது அதுதான். பெயரில்தான் ஆயில், உண்மையில் அது எண்ணெயே அன்று, கிளைகால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலைப் பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றினால், உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். அப்படி ஊற்றப்பட்ட இரண்டு வண்டிகளை நானே பிரித்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கருப்பட்டி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு கசிகிறது. அதனால்தான் நம் ஆச்சிமார் அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைத்தார்கள். பிரேக் ஆயிலும் அதே குணம் உடையது. மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் குழாய்களின் வழியே ஈரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. பிரேக் ஆயிலின் தரத்தை 'டாட்' என்ற எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறிய பின் 140.

கொதித்தால் என்ன ஆகும் என்பதை நான் கற்றது தடத்தில் அன்று, புளியரையில். 1987-ஆம் ஆண்டு, பாலிடெக்னிக் படிப்பை முடித்த புதிது. உறவினர் குடும்பத்தோடு ஒரு அம்பாசடரில் கொல்லம் போய்விட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டிய அண்ணாச்சி கெட்டிக்காரர். ஆனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கம் முழுவதையும் டாப் கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினார். எஸ் வளைவுக்கு முன்னால் அவர் கால் சட்டென்று தரைவரை போனதை முன் இருக்கையிலிருந்து பார்த்தேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மிதியை மூன்று நான்கு முறை குத்திக் குத்தி மிதித்து, இரண்டாவது கியரைத் திணித்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண் மேட்டில் உரசி நிறுத்தினார். பின் இருக்கையிலிருந்த ஆச்சி அப்போதுதான் விழித்து, "செங்கோட்டை வந்துட்டா?" என்று கேட்டாள்.

அரை மணி நேரம் மரத்தடியில் நின்றோம். பிறகு அண்ணாச்சி ஏறி மிதித்துப் பார்த்தால், பிரேக் கல்லைப் போல் நிற்கிறது! ஒழுகல் இல்லை, உடைசல் இல்லை. ஐயப்பன் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து தென்காசி வந்து சேர்ந்தோம். மறுநாள் நான் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றச் சக்கரத்தருகே இருக்கும் சிறு திருகை, திறந்தபோது வந்த ஆயில், மூன்று நாள் கிடந்த காப்பி டிக்காஷனைப் போல இருந்தது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கொதித்த ஆயிலில் எழுந்த குமிழிகளைத்தான் அவர் கால் அமுக்கிக்கொண்டிருந்தது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிட்டது. திருடன் தன் கால் தடத்தைத் தானே அழித்துவிட்டுப் போகிற கதை இது. ஆகவே தடத்தில் மிதி இறங்கி, பிறகு சரியாகிவிட்டால், சரியாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் வேகமெடுக்காதீர்கள்.

என் அக்காள் மகன் வாங்கிய பழைய போர்ஷே கேமனுக்கு நான் முதலில் செய்ததும் இதுதான். சக்கரத்தோடு சுழலும் வட்டான டிஸ்கை மாற்றுவோமா, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பெரிதாகப் போடுவோமா என்று கேட்டான். முதலில் ஆயிலை மாற்று மருமகனே என்றேன். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய வகை ஆயில்கள் கிடைக்கின்றன. அவற்றைச் சாதாரண ஆயிலைக் காட்டிலும் அடிக்கடி மாற்ற வேண்டும். வாங்கும்போது டாட் 5 என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள்; அது சிலிக்கோன் வகை, மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். சீல் பிரித்து மாதக்கணக்கில் கிடக்கும் மிச்சப் புட்டியையும் ஊற்றாதீர்கள்.

ஆயிலை மாற்றும்போது குழாயில் தங்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவன் உள்ளே அமர்ந்து மிதிக்க, நான் சக்கரத்தருகே குந்தி, நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் நுனியை ஆயிலுள்ள புட்டியில் முக்கிப் பிடித்திருப்பேன். "மிதி" என்று சொல்லி நான் நிப்பிளைத் திறந்ததும் அவன் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் நிப்பிளை இறுக்கி "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், செய்த வேலை வீண். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். மேலே டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை அந்தக் காரின் கையேடு சொல்லும். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள், இல்லையேல் பெயின்ட் உரியும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். டிஸ்கை இருபுறமும் அழுத்தித் தேயும் பேடுகளைப் பற்றி இன்னும் தொடங்கவே இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மிதி உறுதியாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் குற்றம் ஆயிலில் இல்லை. பேடு தன் சூட்டெல்லையைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு தடத்துக்குப் போகாதீர்கள். புதுப் பேடானால், வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகம் குறைத்து, இடையில் நிறுத்தாமல், ஆறவிட்டுப் பழக்குங்கள். டிஸ்கின் விளிம்புவரை விரிசல் ஓடியிருந்தால் டிஸ்கை மாற்றிவிடுங்கள்.

ஓடி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு கைபிரேக்கை இழுக்காதீர்கள். பல கார்களில் சூடான பேடு டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள். என் மருமகன் எடுக்கவில்லை. வணக்கம்.