எஸ் எழுத்தின் எளிய சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய ஆங்கில அகராதி எதை எடுத்தாலும், எஸ் எழுத்துக்குரிய பகுதிதான் மிகத் தடிமனாக இருக்கும். டி, பி, எல், எம் என்று பல மெய்யெழுத்துகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு சொல்லைத் தொடங்கும் வசதி அந்த எழுத்துக்கு உண்டு. அந்த ஒரு பகுதியின் பொருள் விளக்கங்களை வரிசையாகப் படித்துவந்தபோது, அரிய சொல்லுக்குப் பொருள் எழுதுவதைவிட எளிய சொல்லுக்கு எழுதுவதே கடினம் என்று எனக்குப் பட்டது. ‘ஸ்டெதஸ்கோப்’ என்றால் உடலுக்குள் எழும் ஒலியைக் கேட்க உதவும் மருத்துவக் கருவி. ஒரே வரியில் வேலை முடிந்தது.

1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில–ஆங்கில அகராதியில் சுமார் 2,500 சொற்கள் இருந்தன, அத்தனையும் அருஞ்சொற்களே. எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். எளிய சொற்களையும் விடாமல் எடுத்துக்கொண்ட சாமுவேல் ஜான்சன், 1755இல் வெளிவந்த தம் அகராதியில், ‘சன்’ என்பதைப் பகலை உண்டாக்கும் ஒளிப்பொருள் என்றார். அழகான விளக்கம்தான். ஆனால் ‘ஸ்டோட்’ என்ற விலங்குக்கு அவர் தந்த விளக்கம், நாற்றமடிக்கும் சிறு விலங்கு என்பதோடு நின்றுவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிராணியை யாரும் அடையாளம் காண முடியாது.

மூன்றே எழுத்துகள் கொண்ட ‘செட்’ என்ற சொல்லுக்கு வருவோம். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், இது வினைச்சொல்லாக வரும் பதிவுக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விரிகின்றன. சூரியன் மறைவதும், சிமெண்ட் இறுகுவதும், முறிந்த எலும்பைச் சேர்த்துவைப்பதும், அலாரம் வைப்பதும், பொறி வைப்பதும் இந்த ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. இவற்றை இணைக்கும் கயிறு எது? உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’ என்ற தன்வினைக்குப் பிறவினைதான் ‘செட்’. நம்முடைய அமர், அமர்த்து என்ற இணையைப் போன்றது. ஒன்றை அதன் இடத்தில் அமர்த்துவது என்ற கருவிலிருந்தே மற்றவை கிளைத்திருக்கின்றன. நம் ‘வை’ என்னும் வினைக்கும் முழுமையாகப் பொருள் எழுதப் புகுந்தால் இதே பாடுதான். பொருள்களின் தொகுதியைக் குறிக்கும் ‘செட்’டோ வேறு ஊற்றிலிருந்து வந்தது, ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த ஒரு லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பழைய ‘செட்’டோடு கலந்துவிட்டது.

எதிரெதிர்ப் பொருள்களைத் தாங்கும் சொற்களும் இப்பகுதியில் உண்டு. கடன் ‘சாங்ஷன்’ ஆனது என்றால் அனுமதி. ஒரு நாட்டின்மீது ‘சாங்ஷன்’ என்றால் தடை. மீறக்கூடாது என்று உறுதிசெய்வதைக் குறித்த லத்தீன் வேர், ஒப்புதலுக்கும் தண்டனைக்கும் ஒருசேர இடம்கொடுத்துவிட்டது. விதையைக் குறிக்கும் ‘சீட்’ வினையாக வரும்போது, நிலத்தைப் பற்றியதானால் விதையை இடுவது, பழத்தைப் பற்றியதானால் விதையை நீக்குவது. அகராதியில் இவ்விரண்டும் வேறு வேறு எண்களோடு ஒரே பதிவுக்குள் இருக்கின்றன. எந்த எண் பொருந்தும் என்பதை முடிவுசெய்வது, அருகில் வரும் சொல் நிலமா பழமா என்பதுதான்.