வேகம் கூடினாலும் மாறாத நேரம்

நேயர்களுக்கு வணக்கம். துகள்களை வட்டமாகச் சுற்றவிட்டு வேகமாக்கும் சைக்ளோட்ரான் என்ற கருவியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். இங்கே கரும்பலகை கிடையாது. படத்தை நீங்கள்தான் மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றுகிறீர்கள். கயிறு உள்பக்கமாக இழுப்பதால் கல் வட்டமடிக்கிறது. காந்தப்புலத்துக்குள் குறுக்காக நுழையும் புரோட்டானும் அப்படித்தான் சுற்றும், கயிறு மட்டும் இல்லை. புரோட்டான் போகும் திசைக்குச் செங்குத்தாகவே காந்தவிசை எப்போதும் இழுக்கும். அதனால் பாதை வளையும். வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

சரி, அந்தப் புரோட்டான் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால்? வட்டத்தின் ஆரமும் இரண்டு மடங்காகிவிடும். தூரம் இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு. ஆக, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறவே மாறாது! எத்தனையோ வருடமாக வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடம் வரும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் என்ற இயற்பியலாளர் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1929இல், அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களை, நேர்கோட்டில் முடுக்குவது பற்றி வைடரோ என்பவர் எழுதிய ஜெர்மன் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஜெர்மன் அவருக்குச் சரியாக வராது. படங்களைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்தார். நேர்கோட்டில் போனால் கருவி நீண்டுகொண்டே போகும். காந்தத்தால் வட்டமாக வளைத்துவிட்டால், இரண்டு மின்முனைகளுக்கு நடுவே உள்ள ஒரே இடைவெளியில் மின்னழுத்தம் கொடுத்துத் திரும்பத் திரும்பத் தள்ளலாமே! ஊஞ்சல் நம்மிடம் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுகிறோம் இல்லையா, அதுபோல. வேகம் கூடினாலும் சுற்று நேரம் மாறாததால், மின்னழுத்தத்தை ஒரே தாளத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

1931 ஜனவரியில் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டன் இந்த யோசனைப்படி செய்த கருவியை ஓட்டிக் காட்டினார். கருவியின் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர், ஒரு கைக்குள் அடங்கிவிடும். 2,000 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் அயனிகளோ 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, அதாவது 80,000 வோல்ட் ஒரே தடவையில் தள்ளினால் கிடைக்கும் ஆற்றலோடு, வெளியே வந்தன. அப்படியென்றால் ஒவ்வொன்றும் அந்த இடைவெளியை 40 தடவைக்கு மேல் தாண்டியிருக்க வேண்டும். இதுதான் சைக்ளோட்ரான். 1939இல் லாரன்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இந்தத் தாளம் தப்பும். அதைச் சமாளிக்கும் கருவிகள் அப்புறம் வந்தன.

உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய்க்காக பெட் (PET) ஸ்கேன் எடுத்திருக்கலாம். அதற்கு ஊசியில் ஏற்றும் மருந்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு இருக்கும். சைக்ளோட்ரானில் சுற்றிவந்த புரோட்டான்களை, ஆக்ஸிஜன்-18 செறிந்த நீரில் மோதவிட்டு அதைத் தயாரிக்கிறார்கள். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 110 நிமிடம். அதனால்தான், ஸ்கேன் எடுக்கப் போனவரை ஆஸ்பத்திரியில் மணி பார்த்து அழைக்கிறார்கள்.