நகராட்சி நடத்தும் விமானப் பெட்ரோல் பங்க்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் ஏறுகிற விமானங்கள் வந்து போவது அவற்றில் ஐந்நூறு சொச்சத்தில்தான். மற்றவற்றில் பெரும்பாலானவை சின்ன ஊர்களின் ஓரத்தில், வயல்களுக்கு நடுவே, ஒரே ஓடுபாதையோடு கிடப்பவை. பலவற்றுக்கு உரிமையாளர் அந்த ஊர் நகராட்சியேதான். குடிநீர், குப்பை, நூலகம் என்று பார்த்துக்கொள்ளும் அதே நகரசபை, ஓடுபாதையையும் அதன் ஓரத்தில் இருக்கும் எரிபொருள் தொட்டியையும் பார்த்துக்கொள்கிறது. அப்படி ஓர் ஊரின் விமான நிலைய ஆலோசனைக் குழுவில் இருப்பவன் என்கிற முறையில் இன்று பேச வந்திருக்கிறேன்.

நகரசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "எரிபொருள் விற்றதில் லாபம் எவ்வளவு?" நியாயமான கேள்விதான், ஆனால் அதிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பாகத்தான் முடியும். எரிபொருள் இருந்தால் விமானம் வரும். விமானம் வந்தால்தான் விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்கு வாடகைக்காரர் கிடைப்பார், பழுது பார்க்கும் பட்டறை நிலைக்கும், பறக்கக் கற்றுக்கொடுப்பவர் ஊரில் தங்குவார், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் விமானம் நம்பி இறங்கும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு கேலனுக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சரி, அந்த சென்ட் கணக்கையே பார்த்துவிடுவோம். கணக்குக்காக, ஓர் ஊர் ஆண்டுக்கு 40,000 கேலன் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க கேலன் என்பது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கேலனுக்கு 75 சென்ட் கூடுதல் வைத்து 6 டாலருக்கு விற்றால் கையில் நிற்பது 30,000 டாலர். வாங்குபவர்கள் பெரும்பாலும் கார்டில்தான் கொடுப்பார்கள். கார்டு நிறுவனத்துக்கு நூற்றுக்கு மூன்று போனால், மொத்த விலையில் கேலனுக்கு 18 சென்ட் கழிகிறது. அங்கேயே 7,200 டாலர் போயிற்று. மீதியில் காப்பீடு, வடிகட்டி மாற்றுவது, மீட்டரைச் சரிபார்ப்பது, எரிபொருள் லாரியின் வாடகை, பணியாளருக்குப் பயிற்சி. ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்துக்கே இது பற்றாது. இதை நம்பி நகராட்சி தன் வேறு செலவுகளை ஈடுகட்ட நினைத்தால் நடக்காது.

நடக்காது என்பதோடு, சட்டமும் விடாது. ஓடுபாதையைப் புதுப்பிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. மானியம் கொடுக்கிறது. சின்ன நிலையங்களுக்குச் செலவில் பொதுவாக 90 விழுக்காடோ அதற்கு மேலோ அந்த மானியத்திலிருந்து வந்துவிடும். பதிலுக்கு ஊர் கையெழுத்திடும் நிபந்தனைகளில் ஒன்று, விமான நிலையத்தில் வரும் பணம் விமான நிலையத்துக்கே செலவாக வேண்டும் என்பது. எரிபொருளில் வந்த காசில் பூங்காவுக்கு பெஞ்சு வாங்க முடியாது. சிகாகோ நகரம் 2003 மார்ச்சில் ஓர் இரவோடு இரவாகத் தன் மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்தின் ஓடுபாதையில் புல்டோசரை விட்டுக் குறுக்குக் கோடுகளாகக் கிழித்துப் போட்டது. முன்னறிவிப்பு கொடுக்காததற்கு 33,000 டாலர் அபராதம் கட்டியது. அது சிறு தொகைதான். இடித்ததற்கு விமான நிலைய நிதியைப் பயன்படுத்தியதால் 10 லட்சம் டாலரைத் திருப்பி வைக்கவும் வேண்டியிருந்தது.

இனி விலைக்கு வருகிறேன். ஊர்கள் தடுமாறுவது இங்கேதான்.

டேங்கர் லாரி ஒரு தடவைக்குச் சுமார் 8,000 கேலன் கொண்டுவந்து இறக்கும். பெரிய நிலையத்தில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்ன ஊரில் மாதக்கணக்கில் தொட்டியிலேயே கிடக்கும். கேலன் 5 டாலருக்கு வாங்கி 5.75-க்கு விற்றுக்கொண்டிருக்கிறோம், தொட்டி பாதிகூடக் காலியாகவில்லை, அதற்குள் சந்தையில் விலை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் நேற்றுதான் லாரி இறக்கியது, 4.50-க்கு வாங்கி 5.25-க்கு விற்கிறது. விமானிகள் கிளம்புவதற்கு முன்பே கைபேசியில் எந்த நிலையத்தில் என்ன விலை என்று பார்த்துவிடுகிறார்கள். வானத்தில் 15 நிமிடம் கூடுதலாகப் போனால் கேலனுக்கு அரை டாலர் மிச்சம் என்றால், போய்விடுவார்கள். நமது தொட்டியோ அசையாமல் நிற்கும்.

இந்த நேரத்தில் விலையைக் குறைக்க வேண்டும். ஆனால் "கொள்முதல் விலையோடு 75 சென்ட்" என்று நகரசபை தீர்மானமே போட்டு வைத்திருக்கும். நிலைய மேலாளருக்கு மாற்ற அதிகாரம் இல்லை. அடுத்த கூட்டம் அடுத்த மாதம். விலை ஏறும்போது இதற்கு நேர்மாறான ஆபத்து. பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றால் கூட்டம் அலைமோதும், தொட்டி ஒரே வாரத்தில் காலியாகும். அடுத்த லாரிக்குக் காசோலை எழுத உட்காரும்போதுதான் கையிருப்பு பற்றவில்லை என்று தெரியும். ஒரு மேல் வரம்பு, ஒரு கீழ் வரம்பு வைத்துவிட்டு, இடையில் விலையை மேலாளரே தினமும் மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவதே சரி. இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிபொருள் இரண்டு வகை. பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு 100 எல்.எல். என்ற பெட்ரோல். ஜெட், டர்பைன் எஞ்சினால் உந்துவிசிறி சுழலும் டர்போபிராப், பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்கு ஜெட் ஏ. இது மண்ணெண்ணெய் இனம். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் தொட்டியை முழுக்க நிரப்பினாலே 56 கேலன்தான். ஒரு வணிக ஜெட் வந்து நின்றால் நூற்றுக்கணக்கான கேலன் போய்விடும். ஆகவே வருமானத்தை உண்மையில் தூக்கிப்பிடிப்பது ஜெட் ஏ. அந்த ஜெட் விமானியை இறங்க வைப்பது விலை மட்டும் இல்லை. ஓடுபாதையின் நீளம், குளிரில் இறக்கையில் படியும் பனியை நீக்க வசதி, தொலைபேசியை யாராவது எடுப்பார்களா என்பது எல்லாம் சேரும். பல ஊர்களில் வரும் விமானிகள் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வருவதற்கு ஒரு பழைய கார் சாவியோடு நிற்கும். காவல் துறை ஓட்டித் தேய்த்த காராகவும் இருக்கும். கட்டணம் கிடையாது. திரும்பும்போது கொஞ்சம் பெட்ரோல் போட்டு வைத்தால் போதும். அந்தக் காரை "வீண் செலவு" என்று விற்கச் சொன்ன உறுப்பினர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காருக்காகவே சுற்றிக்கொண்டு வந்து இறங்கி, 40 கேலன் போட்டுக்கொண்டு போகிறவர்களை அவர்களுக்குத் தெரியாது.

யார் விற்பது என்பது இன்னொரு சண்டை. தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கேலனுக்கு இத்தனை சென்ட் என்று கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். தலைவலி குறையும். ஆனால் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை என்று எழுதிக் கொடுக்க எஃப்.ஏ.ஏ. நிபந்தனை இடம் தராது. வேறொருவர் தகுதியோடு வந்தால் அவருக்கும் வழிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நகராட்சி தன் சொந்த ஊழியரை வைத்துத் தானே விற்றால், மற்றவர்களை விற்க விடாமல் இருக்கலாம். அப்போதும் விமான உரிமையாளர் தன் விமானத்துக்குத் தானே எரிபொருள் கொண்டுவந்து ஊற்றிக்கொள்வதைத் தடுக்க முடியாது. விற்பனை குறைவாக உள்ள ஊர்களில் நகராட்சியே விற்பதைத்தான் நான் ஆதரிப்பேன். 40,000 கேலனை நம்பி வருகிற தனியார், இரண்டு ஆண்டில் கடையைக் கட்டிக்கொண்டு போனால் ஓடுபாதை ஓரத்தில் வெறும் தொட்டிதான் மிஞ்சும்.

நகராட்சி விற்கிறது என்றால் காலையில் ஒருவர் தொட்டியடிக்குப் போயாக வேண்டும். இதை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

தண்ணீர் எரிபொருளைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். தொட்டியின் தாழ்ந்த முனையிலும் வடிகட்டியின் அடியிலும் வடிகால் குழாய் இருக்கும். ஊழியர் அதைத் திறந்து, உள்ளே வெள்ளையாக இருக்கும் வாளியிலோ கண்ணாடிக் குடுவையிலோ பிடிப்பார். சுழற்றிவிட்டுப் பார்ப்பார். 100 எல்.எல். என்றால் மெல்லிய நீலமாக, பளிச்சென்று இருக்க வேண்டும். அடியில் முத்துப்போலத் தண்ணீர் உருண்டால் கண்ணுக்குத் தெரியும். ஜெட் ஏ-வுக்குச் சாயம் கிடையாது. குடுவை முழுவதும் தண்ணீராகவே வந்துவிட்டால், அதுவும் தெளிவாகத்தான் இருக்கும். அசந்தால் "சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். முகர்ந்து பார்க்க வேண்டும். ஜெட் ஏ தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து சளிபோலப் படரும். அது வடிகட்டியை அடைக்கும், தொட்டியை அரிக்கும். விற்பனை மந்தமான ஊரில், சரக்கு நகராமல் கிடக்கிற தொட்டியில், இது அதிகம். அதனால்தான் லாபத்தைவிட எத்தனை கேலன் விற்று நகர்கிறது என்பதைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தவறான எரிபொருளை ஊற்றுவது இதைவிட மோசம். பிஸ்டன் விமானத்தில் ஜெட் ஏ போய்விட்டால் எஞ்சின் உடனே நிற்காது. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் கிளம்பி, ஓடுபாதை வரை போய், மேலே எழும்பும். பிறகுதான் எஞ்சினுக்குள் வெடிப்பு தாறுமாறாகும். இதைத் தடுக்க ஜெட் ஏ ஊற்றும் குழாயின் முனையான நாசிலின் வாயை வாத்தின் அலகுபோல அகலமாகச் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் விமானத்தின் சிறிய துவாரத்தில் அது நுழையாது. ஆனால் சில ஹெலிகாப்டர்களின் துவாரமும் சிறியது. அவற்றுக்காக வட்ட நாசிலை மாட்டுவார்கள். மாட்டியதைக் கழற்ற மறந்தால் காவல் போய்விட்டது. போதாததற்கு, டர்போசார்ஜர் வைத்த பிஸ்டன் விமானங்களின் உடம்பில் "டர்போ" என்று பெரிதாக எழுதியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அதை ஜெட் ஏ குடிக்கும் டர்பைன் எஞ்சின் என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் கலந்தாலும் நீலச்சாயல் தெரியும், நிறத்தை நம்ப முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் பெட்ரோல் காய்ந்து மறைந்துவிடும். ஜெட் ஏ இருந்தால் எண்ணெய் வளையம் நிற்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு தாள். அதைச் செய்யத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளும் செலவுதான் நகரசபையில் விவாதமாகிறது.

கார்டைத் தேய்த்து விமானியே நிரப்பிக்கொள்ளும் தானியங்கி பம்ப் வந்தபிறகு இரவிலும் விற்க முடிகிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் வாளியோடு காலையில் போகும் ஆளை அந்த இயந்திரம் ஈடுசெய்யாது.

இப்போது எல்லா ஊரையும் அழுத்துவது ஈயம். 100 எல்.எல். பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கார் பெட்ரோலிலிருந்து ஈயம் போய்ப் பல ஆண்டுகளாகியும் இதில் தங்கிவிட்டது. காற்றில் சேரும் ஈயத்தில் 70 விழுக்காடு வரை பிஸ்டன் விமானங்களிலிருந்து வருகிறது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. இது மக்கள் நலனுக்கு ஆபத்து என்று 2023 அக்டோபரில் அது முறைப்படி அறிவித்தது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டி, 2022 ஜனவரியிலேயே தன் இரு நிலையங்களிலும் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை நினைத்து எடுத்த முடிவு. ஆனால் அதிக ஆக்டேன், அதாவது தாறுமாறாக வெடிக்காமல் எரியும் திறன், தேவைப்படும் எஞ்சின்களுக்கு அப்போது அங்கே வேறு வழி இல்லாமல் போயிற்று. 2024-இல் வந்த மத்தியச் சட்டம், 2022-இல் இந்தப் பெட்ரோலை விற்ற நிலையங்கள், ஏற்ற மாற்று அங்கே கிடைக்காதவரை 2030 இறுதி வரைக்கும் அதைத் தொடர்ந்து தர வேண்டும் என்கிறது. ஈயமற்ற எரிபொருளுக்கு 2023-இல் மாறிய, விமானப் பயிற்சி நடத்தும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம், எஞ்சின் வால்வுகள் வந்து அமரும் இருக்கைகள் தேய்வதைக் கண்டு அதே ஆண்டிலேயே பழையதற்குத் திரும்பியது.

சின்ன ஊருக்கு இதில் உள்ள சிக்கல் எளிமையானது: பெட்ரோலுக்கு ஒரே ஒரு தொட்டி. போட்டியில் இருக்கும் ஈயமற்ற எரிபொருள்கள் ஒன்றோடொன்று கலக்கலாம் என்று நிரூபிக்கப்படவில்லை. எது வெல்லும் என்று தெரியாமல் தொட்டியைக் கழுவி மாற்ற முடியாது. பழைய தொட்டியை மாற்றும் வயதில் இருக்கும் ஊர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: ஒரு பெரிய தொட்டி வாங்காதீர்கள், இரண்டு சின்னதாக வாங்குங்கள். லாரி பாதிச் சுமையோடு வரும்போது கேலனுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். ஒன்றில் பழையதும் ஒன்றில் புதியதும் வைத்துக்கொண்டு 2030 வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கான தீர்மானத்தை லாப நஷ்டக் கணக்கின்கீழ் வைக்காமல், ஓடுபாதைப் பராமரிப்பின்கீழ் வைத்துப் பாருங்கள், வாக்குகள் விழும்.

நன்றி, வணக்கம்.