காசில் இருப்பவரும் காசு கட்டுபவரும்

நடுவர் அவர்களே, எதிரணி அக்கா அவர்களே, ஆவணி மூலத் திருவிழாவுக்கு வந்து இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் இருக்கும் மதுரை மக்களே, வணக்கம்.

‘நாட்டுக்குப் பொருத்தமான உருவம் தெய்வத் தாயா, சாமானிய மனிதனா?’ இதுதான் தலைப்பு. நாங்கள் சாமானியன் பக்கம். அக்கா, பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவின் சூலாயுதத்தில் தொடங்கி, 1905-இல் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதாவுக்கு வந்தார். நான்கு கைகள், ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. அழகான படம்தான், யார் இல்லையென்றது? கடைசியில், “தாய் என்றால்தான் மக்கள் உயிரைக் கொடுப்பார்கள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எனக்கு அங்கேதான் உதறல் எடுத்தது. 1914-இல் ஜெர்மனியில், தங்கள் நாட்டின் பெண் உருவமான ‘ஜெர்மானியா’வை வாளும் கேடயமுமாக வரைந்து வைத்தார்கள். உயிரைக் கொடுத்தார்கள், லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கேட்டவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள். தாய் கேட்டதாகப் பேர்.

இங்கிலாந்தைச் சாமானிய மனிதனாகக் காட்டும் எங்கள் ஆள் ஜான் புல்லைப் பாருங்கள். 1712-இல் ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் எழுத்தில் பிறந்தவர். தொப்பை, கோட்டு, மூக்கு நுனியில் கோபம். 1795-இல் கில்ரே என்ற ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். பிரதமர் பிட், காப்பிக்கொட்டை அரைக்கும் பெரிய மெஷினில் ஜான் புல்லைப் போட்டுச் சுற்றுகிறார். கீழே தங்கக் காசாகக் கொட்டுகிறது! பிரிட்டானியாவோ 1672 முதல் நெடுங்காலம் இங்கிலாந்துக் காசில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தவர். அவர் காசில் இருந்தார், இவர் அந்தக் காசை வரியாகக் கட்டினார். நாடு யாரால் நடக்கிறது நடுவரே?

“உங்கள் அங்கிள் சாமும்தான் பட்டாளத்துக்கு ஆள் பிடித்தார்” என்று அமெரிக்காவின் மனித உருவத்தைச் சொல்லி அக்கா மடக்கினார். சரி, பிடித்தார். 1917-இல் ஃபிளாக் என்ற ஓவியர் வரைந்த, விரல் நீட்டும் போஸ்டர். முகத்துக்குத் தன் முகத்தையே வைத்துக்கொண்டார், மாடலுக்குச் சம்பளம் மிச்சம்! ஆனால் வியட்நாம் போரின்போது அதே அங்கிள் சாமுக்குத் தலையில் கட்டுப்போட்டு, கையேந்த வைத்து, ‘என்னை வெளியே விடுங்கள்’ என்று பதில் போஸ்டர் ஒட்டினார்கள். மனிதனாக இருந்ததால் அவருக்கும் வலித்தது, வாய் திறந்து சொல்ல முடிந்தது.

பிரான்சின் பெண் உருவமான மரியானை விட்டுவிடுகிறேன். நடிகை பிரிஜித் பார்தோ முகத்தில் அவருக்குச் சிலை செய்து நகராட்சி மண்டபங்களில் வைத்தார்கள். நடிகைக்குக் கோயில் கட்டியதாக நம்மை மட்டும் கேலி பேசுகிறது உலகம்! போர்ச்சுகலுக்கு வாருங்கள். 1875-இல் போர்டாலோ பின்யேரோ வரைந்த சே பொவின்யோ, தாடிக்காரப் பட்டிக்காட்டான். அதிகாரத்தைப் பார்த்து முழங்கையை மடக்கி ஒரு சைகை காட்டுவான். செய்து காட்டினால் நடுவர் என்னை மேடையை விட்டு இறக்கிவிடுவார்.

அக்காவின் கடைசி அஸ்திரம், “இது மீனாட்சி பட்டணம், இங்கே தாய்தான் ஆட்சி.” உண்மை, சித்திரையில் அம்மாவுக்குப் பட்டாபிஷேகம். ஆவணியில் செங்கோல் சொக்கருக்கு வருகிறதே! பட்டம் கட்டிய அதே திருவிழாவில் அவர் என்ன செய்கிறார்? வந்திக் கிழவிக்குக் கூலியாளாக, உதிர்ந்த புட்டைச் சம்பளமாகப் பேசிக்கொண்டு வைகைக் கரைக்கு மண் சுமக்க வருகிறார். ஒழுங்காகச் சுமந்தாரா? புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினார். பாண்டியன் பிரம்பால் ஒரு போடு போட்டான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது, பாண்டியன் முதுகு உட்பட. சிம்மாசனத்தில் இருந்தபோது விழாத அடி, தலையில் மண் கூடை ஏறிய பிறகுதானே விழுந்தது? ஊருக்கே வலித்ததும் அப்போதுதானே?

மணி அடித்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. நாளைக்கு வரி ஏறினால் எந்தப் படத்தை வரைந்து எதிர்ப்புத் தெரிவிப்பீர்கள்? மழுப்பாமல் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். வணக்கம்.